எம்.ஆர்.பி. கடையும் எட்டாத பாட்டிலும்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அதென்னங்க, இந்த ஊர்ல சாராயக் கடைக்கு எம்.ஆர்.பி.ன்னு பேர் வெச்சிருக்காங்க?"

உண்மைதான். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் "ஒயின்ஸ்", பிறகு "டாஸ்மாக்". பெங்களூரில் "எம்.ஆர்.பி. ஒயின்ஸ்", "எம்.ஆர்.பி. அவுட்லெட்". நான் வளர்ந்த ஆஸ்டின் டவுனிலும், பக்கத்து நீலசந்திரா, விவேக் நகரிலும் இதே பேச்சுதான். "எம்.ஆர்.பி.ல வாங்கினியா, பார்ல வாங்கினியா?" என்பது எங்கள் ஊர் கேள்வி. சோப்பு விற்கிறவர் "அச்சடித்த விலைக்கே கிடைக்கும்" என்று போர்டு மாட்டுவதில்லை. மருந்துக் கடைக்காரர் மாட்டுவதில்லை. பாட்டில் விற்கிறவர் மட்டும் ஏன் மாட்டுகிறார்?

ஏனென்றால் அச்சடித்த விலைக்குப் பாட்டில் கிடைப்பதே ஒரு செய்தி! அதற்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது.

இங்கே அமெரிக்காவில் சில பீர்களுக்கு நடக்கும் கூத்தைப் பார்த்தபிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வருடத்துக்கு ஒருமுறை, கொஞ்சமே கொஞ்சம் காய்ச்சி வெளியிடுவார்கள். ஆட்கள் விடிகாலையில் வரிசையில் நிற்பார்கள். சில கடைக்காரர்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை போடுவார்கள். "இது கொள்ளை" என்று ஒரு கட்சி. "சரக்கு குறைவு, கேட்பவர் அதிகம், விலை ஏறத்தான் செய்யும்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் தெரியாத விஷயம், இந்தச் சண்டை பீர் விஷயத்தில் முதலில் சூடு பிடித்த இடங்களில் ஒன்று நம்ம இந்தியா என்பது.

கப்பலில் வந்த பீர்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு பீர் லண்டனிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். நாலு மாதம், ஆறு மாதம் பயணம். லண்டனுக்குக் கிழக்கே 'போ' என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. 1752-ல் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் ஆரம்பித்தது. கம்பெனிக் கப்பல்கள் புறப்படும் பிளாக்வால் துறை பக்கத்திலேயே. கப்பல் கேப்டன்களும் அதிகாரிகளும் சொந்த வியாபாரத்துக்குக் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனி அனுமதித்திருந்தது. ஹாட்ஜ்சன் அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே கடன் கொடுத்தார். போய், விற்று, திரும்பி வந்து காசு கொடுத்தால் போதும். பக்கத்தில் ஆலை, கையில் காசு வேண்டாம் என்றால் வேறு யாரிடம் போவார்கள்? இந்தியாவில் பீர் என்றாலே ஹாட்ஜ்சன் என்று ஆகிவிட்டது.

(ஹாட்ஜ்சன்தான் "இந்தியா பேல் ஏல்" என்பதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்படி உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெளிர் நிற பீர் ஏற்கெனவே இருந்தது. இந்தியாவுக்குப் போகும் பீர் என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.)

1820 வாக்கில் அடுத்த தலைமுறை நிர்வாகத்துக்கு வந்தது. ஃபிரெடரிக் ஹாட்ஜ்சன் ஒரு கணக்குப் போட்டார். கேப்டன்கள் இந்தியாவில் நல்ல லாபத்துக்கு விற்கிறார்களே, அந்த லாபம் ஏன் நமக்கு வரக்கூடாது? கடனை நிறுத்தினார், விலையை ஏற்றினார், தானே கப்பலில் ஏற்றி இந்தியாவில் நேரடியாக விற்கத் தொடங்கினார்.

இத்துடன் நிற்கவில்லை. வேறு ஒரு ஆலையின் பீர் இந்தியாவுக்குப் போகிறது என்று காதில் விழுந்தால் போதும், அந்தப் பருவத்தில் தன் சரக்கைக் கொட்டிக் குவித்து விலையைத் தரைக்குக் கொண்டுவருவார். போட்டிக்கு வந்தவர் நஷ்டப்பட்டு ஓடுவார். அடுத்த பருவம் சரக்கைப் பிடித்து வைப்பார். தட்டுப்பாடு வரும், விலை மேலே போகும். முந்தைய வருட நஷ்டத்தை மதராஸிலும் கல்கத்தாவிலும் பீர் குடிக்கிறவர் தலையில் கட்டிவிடுவார்.

நம்ம ஊர் வெங்காய மண்டியில் நடப்பதுதான். ஆனால் 1820-களில், பீரில்!

கடைசியில் கம்பெனிக்கே பொறுக்கவில்லை. இயக்குநர் கேம்ப்பெல் மார்ஜோரிபாங்க்ஸ் 1822-ல் பர்ட்டன் என்ற ஊரில் பீர் காய்ச்சும் சாமுவேல் ஆல்சாப்பைப் பிடித்து, "இதே மாதிரி ஒன்று உன்னால் செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஆல்சாப்புக்கும் தேவை இருந்தது. பர்ட்டன் பீர் அதுவரை ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது, ரஷ்யா சுங்க வரியை ஏற்றி அந்தக் கதவை மூடிவிட்டது. பர்ட்டன் தண்ணீரில் இருக்கும் ஜிப்சம் இந்த வகை பீருக்கு இன்னும் பொருத்தமாக அமைந்தது. ஆல்சாப் வந்தார், பின்னாலேயே பாஸ் வந்தார். 1830-களில் ஹாட்ஜ்சனின் ஆதிக்கம் போயே போச்சு.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பீர் காய்ச்ச ஆகும் செலவுக்கும், வெயிலில் வாடும் ஒருவர் அதற்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. முதலில் அந்தக் காசு கப்பல் கேப்டனுக்குப் போனது. பிறகு ஹாட்ஜ்சன் பிடுங்கிக்கொண்டார். இடைவெளி எங்கேயும் போகவில்லை, அதை எடுத்துக்கொள்ளும் ஆள்தான் மாறினார். இந்த ஒரு விஷயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நம்ம ஊருக்கு வருவோம்.

தண்டுக்கு வந்த தமிழர்களும் மாட்டுவண்டி பீரும்

1809-ல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு பெங்களூருக்கு மாறியது. அங்கே மலேரியாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இங்கே நல்ல காற்று. அல்சூர் பக்கம் கன்டோன்மென்ட் எழுந்தது. பழைய பெங்களூர்க்காரர்கள் அதை "தண்டு" என்பார்கள். சிவாஜி நகர்ப் பக்கம் தண்டு மாரியம்மன் கோயில் பெயரில் அந்த வார்த்தை இன்னும் உயிரோடு இருக்கிறது.

படையோடு தமிழர்கள் வந்தார்கள். மதராஸ் சேப்பர்ஸ் வீரர்கள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், கணக்கெழுதுகிறவர்கள், சரக்கு சப்ளை செய்யும் முதலியார்கள். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், எங்கள் ஆஸ்டின் டவுன் என்று துரைமார் பெயர் வைத்த பேட்டைகளில் தமிழ் இன்றும் தெருமொழியாக இருக்கிறதென்றால் அதற்கு இந்த வரலாறுதான் காரணம். 1881-ல் மைசூர் மகாராஜாவிடம் ஆட்சி திரும்பியபோதும் கன்டோன்மென்ட்டை வெள்ளைக்காரன் கையிலேயே வைத்துக்கொண்டான். 1947-ல்தான் விட்டான்.

அவ்வளவு சிப்பாய்கள் இருக்கும் இடத்தில் பீர் இல்லாமலா? கப்பல் பீர் கட்டுப்படியாகாது. எனவே மலைப்பகுதிகளிலும் படைமுகாம்களின் பக்கத்திலும் உள்ளூர் ஆலைகள் முளைத்தன. நீலகிரியில், பெங்களூரில் என்று தெற்கே இருந்த ஐந்து சிறு ஆலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கினார். அதுதான் யுனைட்டெட் புரூவரீஸ். அதில் மூத்தது 1857-ல் தொடங்கிய காசில் புரூவரி. பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்து மாட்டுவண்டியில் ஏற்றிப் படைகளுக்கு அனுப்புவார்களாம். 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார், அடுத்த வருடமே தலைவர். பழைய ஆலை வளாகம் இருந்த இடத்தில்தான் இப்போது யு.பி. சிட்டி என்ற பளபள மால் நிற்கிறது. ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் போனால் நாலைந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

படைக்குப் போகும் பீர், ஊருக்குக் கிடைக்கும் பீர் என்று அன்றைக்கே இரண்டு வாசல். எந்த வாசலில் நுழைய உனக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானித்தது. சுதந்திரம் வந்தபிறகும் இந்த இரண்டு வாசல் மூடவில்லை.

கேன்டீன் ரம்

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ராணுவக் குடும்பத்து ஆட்கள் சிரித்திருப்பீர்கள் :-)

1948-ல் ராணுவத்தினருக்கான கேன்டீன் துறை புது வடிவில் தொடங்கியது. பிஸ்கட்டிலிருந்து பிரிட்ஜ் வரை சலுகை விலையில் கிடைக்கும். எல்லோருக்கும் ஆசை அதிகம் இருப்பது ரம் மீதுதான். பெங்களூர் கோடே நிறுவனத்தின் ஹெர்குலிஸ், 1954-ல் வந்த ஓல்டு மங்க் எல்லாம் கேன்டீன் வழியாகத்தான் பல வீடுகளுக்குப் பரிச்சயம். "ராணுவத்தினருக்கு மட்டும்" என்று லேபிளில் அச்சடித்திருக்கும். பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் பதவிக்கு ஏற்ப மாதத்துக்கு இத்தனை பாட்டில் என்று கணக்கு. வெளியே விற்கக்கூடாது என்பது சட்டம்.

ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, தோம்லூர், அல்சூர் எல்லாமே ராணுவ நிலங்களை ஒட்டிய பேட்டைகள். ரிட்டயர்டு நாயக், ரிட்டயர்டு சுபேதார் இல்லாத தெரு அபூர்வம். குடிக்காதவர்களும் அவர்களில் நிறைய உண்டு. ஆனால் கோட்டா என்பது குடிக்காதவருக்கும் உண்டு, இல்லையா? இப்படித்தான் "மிலிட்டரி சரக்கு" என்ற ஒரு சந்தை, இந்தியாவில் கன்டோன்மென்ட் இருக்கும் ஊரிலெல்லாம் இருக்கிறது. போலீஸ் அவ்வப்போது பிடிக்கிறது, பேப்பரில் செய்தி வருகிறது, மறுபடி நடக்கிறது.

இதன் கணக்கு சுவாரஸ்யமானது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கேன்டீனில் ஒரு பாட்டில் 100 ரூபாய், அதே தரச் சரக்கு வெளிக்கடையில் 300 ரூபாய். கார்டு வைத்திருப்பவர் 200-க்குக் கைமாற்றுகிறார். விற்றவருக்கு 100 லாபம், வாங்கியவருக்கு 100 மிச்சம். யாருக்கு நஷ்டம்? வரி வாங்க வேண்டிய அரசாங்கத்துக்கு. அமெரிக்க அபூர்வ பீர் விஷயத்தில் அச்சிட்ட விலைக்கு மேலே போகிறது, இங்கே வெளிவிலைக்குக் கீழே நிற்கிறது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். அளவாகக் கொடுக்கப்பட்ட ஒரு பொருள், இரண்டு விலை, நடுவே ஒரு வாசல், அந்த வாசலில் ஒருவர்.

இதில் நல்லவர், கெட்டவர் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. முப்பது வருடம் பனியில் நின்று வந்தவருக்கு நாடு கொடுத்த சலுகை அது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், பென்ஷன் போதவில்லை, நாலு பாட்டில் கைமாறுகிறது. சட்டப்படி தப்பு. அந்தக் காசில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய வீடுகளும் உண்டு, அந்தப் பாட்டிலை வாங்கிக் குடித்து நாசமான வீடுகளும் பக்கத்திலேயே உண்டு. எங்கள் பேட்டைக்காரர்களுக்கு இரண்டும் தெரியும்.

கடையை விட அரிதான லைசென்ஸ்

இனி ஊர்க் கடைக்கு வருவோம். கர்நாடகாவில் மது லைசென்ஸ்களுக்கு எண் உண்டு. இரண்டு முக்கியமானவை. சி.எல்-2 என்றால் சில்லறைக் கடை. பாட்டிலை அச்சிட்ட விலைக்கு விற்க வேண்டும், வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். சி.எல்-9 என்றால் பார். உட்கார்ந்து குடிக்கலாம், விலையை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். முதல் வகைக் கடைக்குத்தான் ஊரார் வைத்த பெயர் "எம்.ஆர்.பி.". அந்தப் போர்டின் நிஜ அர்த்தம், "நான் பார் இல்லை, பயப்படாமல் வா" என்பதுதான்!

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 1992-க்குப் பிறகு கர்நாடக அரசு இந்த இரண்டு வகையிலும் புது லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டது. (ஹோட்டல்களுக்கான சி.எல்-7, அரசு நிறுவனமான எம்.எஸ்.ஐ.எல். கடைகள் என்று வேறு வழிகள் திறந்தே இருந்தன.) ஊர் எத்தனை மடங்கு வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1992-ல் ஐ.டி. பார்க்கே கிடையாது. ஜனம் பெருகப் பெருக, கடை லைசென்ஸ் மட்டும் அதே எண்ணிக்கை. என்ன ஆகும்? லைசென்ஸே அபூர்வச் சரக்கு ஆகிவிட்டது. பழையதை ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கினால்தான் கடை போட முடியும். அந்தக் கைமாற்று விலை கோடிகளில் போய் நின்றது.

பாட்டிலுக்கு உச்ச விலை உண்டு. பாட்டில் விற்கும் உரிமைக்கு உச்ச விலை கிடையாது. பாட்டிலில் எடுக்க முடியாத காசு, உரிமைச் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2025 மார்ச்சில் வந்த பட்ஜெட்டில், லைசென்ஸ்களை இனி இணைய ஏலத்தில் விடுவோம் என்று கர்நாடக அரசு அறிவித்தது. அதாவது, இத்தனை வருடமாகப் பழைய லைசென்ஸ்காரர் வாங்கிக்கொண்டிருந்த அந்தக் காசு இனி எங்களுக்கு என்று அரசு கையை நீட்டியிருக்கிறது.

எம்.ஆர்.பி. எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டுக்கு வந்தபிறகுதான் பலருக்கு உறைக்கும், பொட்டலத்தின் மேல் அதிகபட்ச விலையை அச்சடித்து, அதற்கு மேல் விற்றால் குற்றம் என்று சொல்லும் நாடுகள் உலகில் ரொம்பக் குறைவு என்று. இங்கே ஒரே தண்ணீர் பாட்டில் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு விலை, பெட்ரோல் பங்கில் ஒரு விலை, ஏர்போர்ட்டில் மூன்றாவது விலை. யாரும் கேட்க மாட்டார்கள்.

நம்ம ஊரில் 1976-ல் எடை அளவுச் சட்டம், 1977-ல் பொட்டலப் பொருட்களுக்கான விதிகள். ஆனால் அப்போது ஒரு ஓட்டை இருந்தது. பெட்டியில் விலை போட்டு, பக்கத்தில் "உள்ளூர் வரிகள் தனி" என்று குட்டியாகப் போட்டுவிடுவார்கள். ஞாபகம் இருக்கிறதா? அந்த "தனி" எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, கடைக்காரர் சொல்வதுதான். 1990-ல் விதியைத் திருத்தி, எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச சில்லறை விலை என்று ஒரே எண் போட வேண்டும் என்றார்கள். பிறகு 2009-ல் வந்த புதிய சட்டம் 2011-ல் அமலுக்கு வந்தது.

பாரில் கூடுதலாக வாங்குகிறார்களே, அது எப்படி? 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஹோட்டல் சங்கங்களின் வழக்கில் சொன்ன தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. வழக்கு தண்ணீர் பாட்டிலைப் பற்றியது. ஹோட்டலில் நீங்கள் வாங்குவது வெறும் பாட்டில் அல்ல, நாற்காலி, மின்விசிறி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்தது, எனவே எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்றது நீதிமன்றம். நியாயம்தான். நாற்காலி இல்லாமல், விசிறி இல்லாமல், கம்பி வலைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு மேலே வாங்கினால்தான் பிரச்சினை.

அந்தப் பிரச்சினையைத் தேடி ஓசூர் தாண்டிப் போக வேண்டும்.

2003: இரண்டு மாநிலம், இரண்டு வழி

2003-ல் இரண்டு மாநிலமும் ஒரே வருடத்தில் பெரிய முடிவு எடுத்தன. கர்நாடகா மொத்த வியாபாரத்தை அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்து, சில்லறையைத் தனியாரிடம் விட்டது. தமிழ்நாட்டில் மொத்த வியாபாரம் 1983-லிருந்தே டாஸ்மாக்கிடம். 2003 நவம்பரில் சில்லறையையும் அதுவே எடுத்துக்கொண்டது.

அரசாங்கமே கடை நடத்தினால் அச்சிட்ட விலைக்குக் கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது என்ன? "பாட்டிலுக்குப் பத்து ரூபாய்" என்பது தமிழ்நாட்டு அரசியல் மேடையில் ஒரு வசனமே ஆகிவிட்டது. 2025 மார்ச்சில் சோதனை நடத்திய அமலாக்கத் துறை, பாட்டிலுக்கு 10 முதல் 30 ரூபாய் வரை கூடுதலாக வசூலித்ததற்கான தடயம் கிடைத்ததாகக் குற்றம் சாட்டியது. டாஸ்மாக்கும் மாநில அரசும் வழக்குப் போட்டன, மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன் உண்மையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். கவுன்டரில் நிற்கும் ஊழியர்கள் தரப்பிலும் ஒரு பேச்சு உண்டு. தொகுப்பூதியம் குறைவு, உடைந்த பாட்டில் எங்கள் தலையில், ஏற்றுக்கூலி எங்கள் தலையில், அந்தக் காசுக்கு எங்கே போவது என்பார்கள்.

நமக்குப் பத்து ரூபாய் ஒரு காசே இல்லை. தினமும் ஒரு குவார்ட்டர் வாங்கும் கூலித் தொழிலாளிக்குக் கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 3,650 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வருடம் பூராவுக்குமான நோட்டு, செருப்பு, துணி. அவர் கேட்டது அபூர்வமான சரக்கு இல்லை, இருப்பதிலேயே மட்டமான சரக்கு. ஆனால் அந்த நேரத்தில், அந்த ஊரில், அந்த ஒரு கடைதான். வேறு வாசல் இல்லாதவருக்கு எந்தச் சரக்கும் அபூர்வச் சரக்குதான்.

கர்நாடகா யோக்கியமா என்றால், அங்கே இடைவெளியை அரசே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. 2007 ஜூலை 1 முதல் பாக்கெட் சாராயத்தை ஒழித்தார்கள். குடும்பங்கள் பிழைக்கட்டும் என்று சொல்லித்தான் ஒழித்தார்கள், பல பெண்கள் கேட்டதும் அதுதான். குடித்தவர்களில் பலர் நிறுத்தவில்லை, அதைவிட விலை கூடிய பாட்டில் சரக்குக்கு மாறினார்கள். பீர் மீதான கூடுதல் கலால் வரி 2023-ல் 175 சதவீதத்திலிருந்து 185, 2024-ல் 195, 2025-ல் 205 என்று ஏறியது. 2023-24-ல் கர்நாடகாவின் கலால் வருமானம் 34,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024-25-ல் டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாட்டுக்கு 48,000 கோடிக்கு மேல்.

எம்.ஆர்.பி. என்ற எண்ணுக்குள்ளேயே பெரிய மார்க்கப் உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கம் அச்சடித்ததால் நாம் அதை மார்க்கப் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான் :-)

இங்கே நடக்கும் கூத்து

அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு முடிந்தபிறகு பெரும்பாலான மாநிலங்களில் மூன்று அடுக்கு முறை வந்தது. காய்ச்சுகிறவர், மொத்த வியாபாரி, கடைக்காரர். காய்ச்சுகிறவர் கடைக்காரருக்கு "இதற்கு மேல் விற்காதே" என்று யோசனை சொல்லலாம், அச்சடித்துக் கட்டாயப்படுத்தும் எம்.ஆர்.பி. கிடையாது. அபூர்வ பீர் வந்தால் மொத்த வியாபாரி கடைக்குச் சில பாட்டில் பங்கு வைப்பார். கடைக்காரர் சிலர் லாட்டரி போடுவார்கள், சிலர் பழைய வாடிக்கையாளருக்கு மேசைக்கு அடியில் எடுத்து வைப்பார்கள், சிலர் "அந்த விற்காத பெட்டியை எடுத்துக்கொண்டால் இது ஒன்று தருவேன்" என்பார்கள். ரேஷன் கடையில் "சோப்பு வாங்கினால்தான் சர்க்கரை" என்று சொன்னதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

2013-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 'ஹெடி டாப்பர்' என்ற பீருக்கு அப்போது வெறி பிடித்த கிராக்கி. ஒரு பெண்மணி ஐந்து பெட்டியை இணையத்தில் 825 டாலருக்கு விற்கப் போனார். வாங்க வந்தவர் மாறுவேடத்தில் வந்த அதிகாரி! பெட்டிக்கு 165 டாலர் ஆகிறது, கடை விலை அதில் பாதிக்கும் குறைவு. கேன்டீன் சரக்கைப் பிடிக்க நம்ம ஊர் போலீஸ் போடும் அதே வேஷம்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது பெல்ஜியத்துத் துறவிகள் கதை. வெஸ்ட்விளீட்டரன் என்ற சிற்றூரில் புனித சிக்ஸ்டஸ் மடம். மடத்தை நடத்த எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். 2005 வாக்கில் அதை உலகின் தலைசிறந்த பீர் என்று யாரோ பட்டியல் போட, கூட்டம் அலைமோதியது. துறவிகள் விலையையும் ஏற்றவில்லை, அளவையும் ஏற்றவில்லை. போன் செய்து, வண்டி எண்ணைப் பதிவு செய்து, மறுவிற்பனை செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, நேரில் வந்து ஓரிரு பெட்டி எடுத்துப் போக வேண்டும். 2018-ல் ஹாலந்து சூப்பர் மார்க்கெட் ஒன்று எப்படியோ சரக்கு பிடித்து, இரண்டு யூரோகூட இல்லாத பாட்டிலைப் பத்து யூரோ வாக்கில் விற்றது. துறவிகள் மனம் நொந்து போனார்கள். மறு வருடம் தாங்களே இணையத்தில் விற்க ஆரம்பித்தார்கள், யார் எப்போது வாங்கினார் என்ற கணக்கோடு.

விலையை ஏற்றாத நல்ல மனசு ஒன்று இருந்தால்கூட, அந்த இடைவெளி காலியாக இருப்பதில்லை. துறவி எடுக்காத காசை வேறு ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

பாட்டில் ஆகாத பீர்

இன்றைய பெங்களூரில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 2010 வாக்கில் இந்திரா நகரில் 'டாய்ட்' மாதிரி, ஓட்டலிலேயே பீர் காய்ச்சும் இடங்கள் வர ஆரம்பித்தன. பாஸ்மதி அரிசி போட்டது, மாம்பழ சீசனுக்கு மாம்பழம் போட்டது என்று அளவாகக் காய்ச்சுவார்கள். சட்டப்படி அங்கேயே குடிக்க வேண்டும், பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்ப முடியாது. 2020 கொரோனா காலத்தில் மட்டும் ஜாடியில் எடுத்துப் போகக் கொஞ்ச காலம் அனுமதித்தார்கள். எனவே அபூர்வ பீர் உண்டு, அதைப் பதுக்கி விற்கும் ஆள் இல்லை. கையில் எடுத்துப் போக முடியாத பொருளை எப்படிப் பதுக்குவது? யாரும் இதற்காகத் திட்டமிட்டு அந்தச் சட்டத்தைப் போடவில்லை. ஆனாலும் கள்ளச்சந்தை முளைக்கவில்லை. விலை மட்டும் குறைவில்லை, நாற்காலிக்கும் விசிறிக்கும் நன்றாகவே வாங்கிவிடுவார்கள்.

ஹாட்ஜ்சன் காலத்தில் இந்தியாவுக்கென்றே கப்பலேறிய அந்த ஐ.பி.ஏ., இருநூறு வருடம் கழித்து அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு பெங்களூர் மெனு கார்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கும் கேட்பவர் அதிகம், சரக்கு குறைவு.

அபூர்வ பீருக்கு மூன்று மடங்கு கொடுப்பவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவரால் முடியும், வேண்டாம் என்றால் வேறு பீர் குடிப்பார், தண்ணீர்கூடக் குடிப்பார். விலை ஏறினால் கொள்ளையா, வியாபாரமா என்ற சண்டையில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: வாங்குகிறவருக்கு வேறு வாசல் இருக்கிறதா? இருந்தால் வியாபாரம். இல்லாதபோது, அது பத்து ரூபாயாக இருந்தாலும் கொள்ளைதான், வாங்குவது தனியாரானாலும் சரி, அரசாங்கமானாலும் சரி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது "எம்.ஆர்.பி." போர்டைப் பார்த்தால் சிரிக்காமல் கடந்து போக முடிகிறதா பாருங்கள்.

டிஸ்கி 1: குடியை ஊக்குவிக்கும் பதிவு அல்ல இது. குடி குடியைக் கெடுக்கும் என்பது எங்கள் பேட்டையில் பாட்டில் லேபிளைப் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை.

டிஸ்கி 2: டியூட்டி ஃப்ரீயில் இரண்டு லிட்டர்தான் கொண்டுபோகலாம். சித்தப்பா ஒன்று, மச்சான் ஒன்று என்று கேட்கும்போது நீங்களும் வாசலில் நிற்கும் ஆள்தான். யாருக்குக் கொடுப்பது என்பதை யோசித்து முடிவு செய்யவும் :-)